பழியை அறியாமை மேல் போடாதீர்கள்

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அடுத்த இரண்டு நாளில் என்னென்ன பேசப்படும் என்பதை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். முதல் தகவலில் ‘உராய்வு’ என்ற காரணம் வரும். சாயங்காலத்துக்குள் உரிமையாளர், மேலாளர், போர்மேன் என்று வழக்குப் பதிவாகும். இரவு விவாதத்தில் படித்தவர் ஒருவர், எதைக் கையாளுகிறோம் என்பதே இந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியவில்லை என்று வருத்தத்தோடு சொல்வார். அடுத்த வாரம் ஒரு மண்டபத்தில் விழிப்புணர்வு முகாம் நடக்கும். துண்டறிக்கை கொடுப்பார்கள், உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் மறுபடி வேலைக்குப் போகும்.

இந்தப் பேச்சு சிவகாசியோடு நிற்பதில்லை. தீபாவளிக்கு வெடி வாங்குகிறவர் தடைசெய்யப்பட்ட பேரியம் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்கத் தெரியாமல் வாங்குகிறார் என்று ஒரு குறை. கைபேசியில் பணத்தைப் பறிகொடுத்த பெண்ணிடம், தெரியாததை ஏன் தொட்டாய் என்று ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான்: சாதாரண மனிதர் தாம் அன்றாடம் நம்பியிருக்கும் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ளவில்லை, அந்தப் புரியாமைதான் அவரைக் கெடுக்கிறது, எனவே புரியவைத்துவிட்டால் போதும். படித்தவர்கள் நடுவே இதை மறுத்துப் பேச அநேகமாக ஆளில்லை. நான் மறுக்கிறேன். இது உண்மைக்கு மாறான எண்ணம். செத்தவர் மீதே பழியை ஏற்றிவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொள்ள வசதியான எண்ணமும்கூட.

முதலில் புரியாமையையே எடுத்துக்கொள்வோம். இந்த மண்ணுக்கு முதலில் வந்த தொழில் தீப்பெட்டி. பட்டாசு பிறகுதான் வந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். மழை பொய்த்துப் பொய்த்து நொந்துபோன கரிசல் காட்டுக்கு அந்தக் குச்சி சோறு போட்டது. நூறு ஆண்டுகளாக நாடே அதை உரசுகிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, பெட்டியின் பக்கப்பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது, இரண்டும் உரசிக் கலக்கும் நொடியில்தான் தீ பிறக்கிறது என்று உரசுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாததால் அவர்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது.

19ஆம் நூற்றாண்டில் விற்ற குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. சுவரில் உரசினாலும் பற்றும், சட்டைப்பையில் உரசினாலும் பற்றும். அதைச் செய்த தொழிலாளர்களுக்குத் தாடையெலும்பு அழுகிப் போனது. கவனமாக இருக்கச் சொல்லி அந்தக் கேட்டைத் தீர்க்க முடியவில்லை. ஸ்வீடனில் தீப்பற்றும் சரக்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குச்சியிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வைத்தார்கள். 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியை விலக்க உடன்பாடு செய்தன. 1913இல் இந்தியாவிலும் அதற்குத் தடைச்சட்டம் வந்தது. குச்சியை உரசிய மனிதருக்கு அதற்கு முன்னால் எவ்வளவு வேதியியல் தெரிந்திருந்ததோ அவ்வளவேதான் பிறகும் தெரிந்திருந்தது. பொருளை மாற்றினார்கள், ஆபத்து போனது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டின் அடுப்படியில் இன்று தீப்பெட்டி கிடக்க முடிகிறது என்றால் அந்த மாற்றத்தால்தான்.

சமையல் எரிவாயுவும் அப்படியே. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்குள் கசிந்து தேங்கிய வாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகுதான் வாயுவில் நாற்றமடிக்கும் சரக்கைக் கலப்பது சட்டமானது. இன்று நம் வீட்டு சிலிண்டரில் வரும் மெர்காப்டன் நாற்றத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அப்பத்தாவும் மூக்கை வைத்தே ஆபத்தை அறிந்து ரெகுலேட்டரை மூடிவிடுகிறார். வாயுவின் அழுத்தம், அடர்த்தி பற்றி அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

இவை பழைய கதைகள் என்று தோன்றினால் நேற்று நடந்ததைப் பார்க்கலாம். யூபிஐ செயலியில் ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. பணம் வருகிறது என்று நம்பவைத்து, ரகசிய எண்ணை அழுத்தச் சொல்லி, கணக்கைத் துடைத்தார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்காகக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தன. ஏமாந்தவர்கள் ஏமாந்துகொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. அந்த வழியாக நடந்த திருட்டுக்கு வாசல் அடைபட்டது. இத்தனை ஆண்டும் ஏமாந்தவர்களின் அறிவைப் பற்றிப் பேசினோமே, வாசலைத் திறந்தே வைத்திருந்தவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

புரியாததை நம்பி வாழ்வது குற்றமும் இல்லை, குறையும் இல்லை. மருத்துவருக்கு லிப்டின் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாது. லிப்ட் பொறியாளருக்குத் தாம் விழுங்கும் மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது என்று தெரியாது. ஒருவர் அறிவின் மேல் மற்றவர் சாய்ந்துகொண்டுதான் எல்லோரும் வாழ்கிறோம். அப்படிச் சாய்கிறவர் விழாமல் பார்த்துக்கொள்வது, பொருளைச் செய்து விற்பவர், உரிமம் கொடுப்பவர், லாபம் எடுப்பவர் ஆகியோரின் கடமை. இந்தக் கடமையை மருத்துவர் விஷயத்தில் யாரும் மறுப்பதில்லை. ஏழையின் விஷயத்தில் மட்டும் அது விழிப்புணர்வுத் துண்டறிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

சிவகாசியில் இந்த வாதம் இன்னும் மோசமாகத் தவறுகிறது. பட்டாசுத் தொழிலாளிக்கு ஒன்றும் தெரியாது என்பதே பொய் என்பதால்.

மருந்து அறையில் பல வருடம் வேலை பார்த்த ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வெடிக்கும் கலவையை இங்கே மருந்து என்றுதான் சொல்வோம். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும் என்று அவருக்குத் தெரியும். கையை அருகில் கொண்டுபோனாலே வெக்கை தெரியும், மூக்கில் நெடி ஏறும் என்பார். வேதியியல் சொல்வதும் அதைத்தான். வெடியுப்பும் அலுமினியமும் ஈரத்தோடு சேரும்போது வினை மெல்லத் தொடங்கும், அம்மோனியா வெளிவரும், பிறக்கும் வெப்பமே வினையை முடுக்கும், ஒரு கட்டத்தில் தானே பற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். கலவை வேலை காலையிலேயே முடிய வேண்டும், உச்சி வெயிலில் கை வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இரும்புக் கரண்டி ஆகாது. நைலான் சேலை ஆகாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்து வாளியைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இடி இடித்தால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். வானத்தில் போய் வண்ணம் காட்டும் பேன்சி ரகத்துக்கான மணி மருந்தைக் காயவைக்கும்போதும் அள்ளும்போதும் எவ்வளவு பதனமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்களின் விரல்களுக்குத் தெரியும். கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்க்கக் கூடாது என்பது இந்த வட்டாரத்தில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். தீப்பெட்டியும் பட்டாசும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த ஊர் இது.

தம் கையிலிருக்கும் ஸ்மார்ட்போனைப் பற்றி அந்தத் தொலைக்காட்சி விவாதக்காரருக்குத் தெரிந்ததைவிட, தம் கையிலிருக்கும் மருந்தைப் பற்றி இந்தத் தொழிலாளிக்கு எத்தனையோ மடங்கு அதிகம் தெரியும். அவரை அறியாதவர் என்று சொல்வது பெரிய அவமதிப்பு. உயிரோடு இருப்பவரை அவமதிப்பது ஒருபுறம் இருக்கட்டும், செத்த பிறகும் அதைச் செய்கிறோம்.

அவ்வளவு தெரிந்தவர் ஏன் சாகிறார்? தெரிந்தபடி நடந்துகொள்ள அவருக்கு உரிமை கிடையாது. அதனால் சாகிறார்.

கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான். இத்தனை குரோஸ் முடித்தால் இவ்வளவு. மருந்து சூடேறுகிறது என்று வெளியே வந்து ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஒரு மணி நேரக் கூலி போச்சு. வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை. வெடிக்கவில்லை, ஆனால் சரக்கு குறைந்தது; அதுதான் கண்ணுக்குத் தெரியும். பலர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், மகளுக்குச் சீர், வைத்தியச் செலவு என்று வாங்கிய பணம். அது கழியும்வரை அந்த ஆலையை விட்டுப் போக முடியாது, போர்மேனை எதிர்த்துப் பேசவும் முடியாது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். நான்கு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆள் உட்காருவார்கள். அறைக்குள் இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது அந்தப் பெண்களுக்கும் தெரியும். ஐந்தாவது ஆளாக வந்து உட்காருபவரை எழுப்பிவிடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? அவர் பக்கத்து வீட்டுப் பெண், அவருக்கும் அன்றைய கூலி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே உள்குத்தகை. பெரிய ஆலைக்கான உரிமம் நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் வாங்க வேண்டும். அதனால் இங்கே அதை நாக்பூர் உரிமம் என்றே சொல்வார்கள். உரிமத்தில் ஒருவர் பெயர் இருக்கும். ஆலைக்குள் இருக்கும் அறைகளைப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். ஒவ்வொரு குத்தகைதாரரும் கொடுத்த வாடகையைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். மொத்த ஆலையில் இன்று எவ்வளவு மருந்து கிடக்கிறது என்று பார்க்க ஆளே இருக்காது. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலை இப்படித்தான் கைமாறியிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2024 மே 9இல் செங்கமலப்பட்டியில் 10 பேர் போனார்கள். 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி. நடுவே 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையம். ஆலையை ஒட்டிய விற்பனைக்கூடத்தில் வெடியை மாதிரிக்கு வெடித்துப் பார்த்தபோது தெறித்த பொறி பத்துக்கும் மேற்பட்டவர்களைத் தின்றது. பெரும்பாலும் பெண்கள். உள்ளே இருந்த அந்தப் பெண்களுக்கு எந்தப் பாடத்தை நடத்தியிருந்தால் வெளியே வெடித்துப் பார்த்த கையை நிறுத்தியிருக்க முடியும்? எனக்கு யாராவது சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பின் பலமான சாட்சி முதலிப்பட்டி. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2012 செப்டம்பர் 5இல் அங்கே ஓர் ஆலையில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்து, உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்றவும் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் சுற்றுப்புறத்திலிருந்து ஓடி வந்தவர்கள். சிறிது நேரத்தில் சேமிப்பறையும் வெடித்தது. இங்கே கொன்றது அறியாமைதானே, விலகி நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்று கேட்கிறார்கள்.

ஆம், அவர்களுக்கு ஒன்று தெரியாமல் இருந்தது. ஆனால் அது வேதியியல் இல்லை. பட்டாசு ஆலை வெடிக்கும் என்பது முதலிப்பட்டியில் யாருக்குத் தெரியாது? அவர்களுக்குத் தெரியாமல் போனது, அந்தக் குறிப்பிட்ட அறையில், அந்தக் குறிப்பிட்ட மத்தியானத்தில், அனுமதித்த அளவுக்கு மேல் எவ்வளவு சரக்கு அடைந்து கிடந்தது என்பது. அந்த ஆலையின் உரிமத்தின் மீது விதிமீறலுக்காக ஏற்கெனவே நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தகவல் அலுவலகக் கோப்பில் இருந்தது. சரக்கின் கணக்கு நடத்தியவர் மனதில் இருந்தது. ஊருக்கு வரவே இல்லை. இது மக்களின் அறியாமை என்றால், அவர்களிடமிருந்து மறைத்து வைக்கப்பட்ட ஒன்றை அவர்கள் அறியவில்லை என்று குற்றம் சாட்டுகிறோம். காப்பாற்ற ஓடியவர்களைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு ஆலையிலும் இல்லை, அரசிடமும் இல்லை. உள்ளே சிக்கியிருந்தது மருமகள், மச்சான், பக்கத்துத் தெருப் பிள்ளை. ஓடாமல் நிற்கவா முடியும்?

பாதுகாப்பு மக்களின் படிப்பைப் பொறுத்தது என்பவர்களுக்கு நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரைக் காட்ட வேண்டும். அங்கே எழுத்தறிவுக்குக் குறைவில்லை, இங்குள்ளது போன்ற வறுமை இல்லை, முன்பணத்தில் கட்டுண்ட கூலிகளும் இல்லை. 2000 மே 13இல் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். ஏறத்தாழ 950 பேர் காயம்பட்டார்கள். ஒரு குடியிருப்புப் பகுதியே தரைமட்டமானது. உரிமம் அனுமதித்ததைவிட அதிகமான, அதைவிட வீரியமான வெடிகள் உள்ளே அடுக்கப்பட்டிருந்ததை விசாரணை வெளியே கொண்டு வந்தது. உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று தீயை அணைக்கப் போனவர்களுக்கே தெரியாது. தெரு மனிதர்கள் அங்கேயும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதலிப்பட்டியில் செத்தவர்களைப் போலவே. அந்த நாடு தன் மக்களின் அறிவைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. பட்டாசுக் கிடங்கு எங்கே இருக்கலாம், எவ்வளவு வைக்கலாம், யார் சோதிக்க வேண்டும் என்ற விதிகளைத் திருத்தி 2002இல் புதிய ஆணையைக் கொண்டு வந்தது.

நாமும் ஒரு காலத்தில் சரியாக யோசித்திருக்கிறோம். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்த காலம் இந்த மாவட்டத்தின் நடுவயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வேனில் ஏற்றி விடியும் முன் கொண்டுபோவார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. குளோரேட்டின் குணத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வேலைக்கு வைத்தவர் மேல் பொறுப்பை வைத்தது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும், பிறகு வளர்ந்து அதே தொழிலுக்கு வந்த அந்தப் பிள்ளைகளும் சாகும்போது மட்டும் ஏன் நியாயம் மாறிப்போகிறது?

வாங்குகிறவர் பக்கம் வருகிறேன். 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் தொடரப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் சேர்ந்த பட்டாசுக்கும் தடை போட்டது. பசுமைப் பட்டாசு மட்டும் வெடிக்கலாம் என்றது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய கலவைமுறைகள் வந்தன. துகள் மாசு 30 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது அவற்றின் கணக்கு. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் இங்கே ஆலைகள் மூடிக்கிடந்தன. கூலிக்காரர்களின் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை அக்கம்பக்கத்தார் அறிவார்கள். பெட்டியின் மேல் சின்னம் வந்தது, கியூஆர் குறியீடு வந்தது. இனி வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்ற நிலையும் கூடவே வந்தது.

பார்த்து வாங்க அவர் என்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, தகரக் கொட்டகைக் கடை முன்னால், நெரிசலில் நிற்கிறார். சின்னம் அச்சடித்திருக்கிறது. உண்மையா, போலியா? கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் படித்தால் ஏதோ ஒரு பக்கம் திறக்கும். உள்ளே இருக்கும் பொடியில் பேரியம் நைட்ரேட் இருக்கிறதா, பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறதா என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமல் எப்படிச் சொல்வது? பட்டாசின் ஓசை, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று 1999 முதல் விதி இருக்கிறது. எந்தத் தகப்பன் டெசிபெல் மானியோடு கடைக்குப் போவான்? சோதிக்கும் கருவியும், ஆளும், ஆலைக்குள் எந்நேரமும் நுழையும் சட்ட அதிகாரமும் அரசிடம் இருக்கின்றன. அவை எதுவும் இல்லாத ஒருவரிடம் போய், புரிந்து வாங்கு என்று சொல்வதற்குப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று பெயர். தடைசெய்த சரக்கு கடைக்கு வந்துவிட்டது என்றால் வாங்கியவரின் அறியாமை அதற்கு எத்தனாவது காரணம்? மூலப்பொருளை விற்றவர், கலந்தவர், பெட்டியில் அடைத்தவர், லாரியில் ஏற்றியவர், பார்க்காமல் விட்ட அதிகாரி என்று எல்லோரையும் தாண்டித்தான் அது அவர் கைக்கு வந்திருக்கிறது.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு அது கட்டாயம் வேண்டும். போர்மேனுக்கு இன்னும் கறாராக வேண்டும். புதிய ரகம், புதிய கலவை வரும்போதெல்லாம் வேண்டும். பசுமைப் பட்டாசுக்காகக் கலவைகள் மாறியபோது, பழைய கலவையில் பழகிய கைகளுக்குப் புதியதன் குணத்தைச் சொல்லாமல் விடுவது கொடுமை. என் சண்டை பயிற்சியோடு இல்லை. பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி நடந்தால் அது உன் தவறு என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும் மனப்பான்மையோடு. வெடித்த மறுநாள் அந்தக் கையெழுத்து யாருக்குக் கேடயமாகிறது என்று பாருங்கள்.

தொழிலாளிக்கு நாம் சொல்லவேண்டியது வேறொன்று இருக்கிறது. அவரிடமிருந்து மறைத்தவற்றைச் சொல்ல வேண்டும். ஆலை வாசலில், சாலையில் போகிறவர் கண்ணுக்கும் தெரியும்படி, தமிழில் ஒரு பலகை: உரிமம் யார் பெயரில், எந்த ரகத்துக்கு, எவ்வளவு மருந்துக்கு, எந்தத் தேதி வரைக்கும், உரிமம் இப்போது நடப்பில் இருக்கிறதா நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா. ஒவ்வோர் அறைக் கதவிலும் இன்னொன்று: இத்தனை பேர், இத்தனை கிலோ, இந்த அறையை இன்று நடத்துவது யார். கிராமப் பஞ்சாயத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அதே தகவல். பலகையில் எழுதியதைவிட ஓர் ஆள் கூடினாலும் அங்கே வேலை பார்க்கும் பெண் விரலை நீட்டிக் காட்ட முடியும். மருந்து சூடேறுகிறது என்று வெளியே வந்துவிட்டால் அன்றைய முழுக் கூலியும் உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். அந்தக் கூலியைக் குத்தகைதாரர் தராவிட்டால் உரிமத்தில் பெயர் உள்ளவர் தர வேண்டும். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பதைக் குற்றமாகவே நடத்த வேண்டும். உள்குத்தகை கண்டுபிடிக்கப்பட்ட ஆலையில் வெடித்தால் முதல் குற்றவாளி போர்மேனாக இருக்கக் கூடாது.

விலை ஏறிவிடும் என்று உடனே சொல்வார்கள். ஏறலாம். எண்ணிக்கைக் கூலியை நாள் கூலியாக மாற்றி, அறைக்கு நான்கு பேரை மட்டும் உட்காரவைத்தால் ஒரு பெட்டி சங்குசக்கரத்தின் விலை கொஞ்சம் கூடும்தான். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்த மாவட்டத்திலிருந்து போகிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இங்கே ஓடுகின்றன. கூடும் அந்த விலையை நாடு முழுவதும் வருடத்துக்கு ஒருமுறை வெடி வாங்குகிற கோடிக்கணக்கானவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். இப்போது அதே தொகையை வெம்பக்கோட்டையிலும் தாயில்பட்டியிலும் சில நூறு குடும்பங்கள் மட்டும் கட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த விழிப்புணர்வு முகாமுக்கு மண்டபம் பிடிக்கும் முன்னால் அந்தப் பலகைகளை எழுதுங்கள். அச்சகங்கள் நிறைந்த ஊர் சிவகாசி. ஆயிரம் ஆலைகளுக்கும் பலகை அடித்துக் கொடுக்க இங்கே ஒரு வாரம் போதும்.